45 ஆயிரத்துக்குள்ள ஹேண்டிகேம்: குறும்படமும் எடுக்கணும், விடிய விடிய கூத்தும் எடுக்கணும்

செய்யாத்துக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். இவ்ளோ நாளா இங்க வந்து படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்ப ஒரு சந்தேகம் மண்டைய குடையுது, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நமக்கு செய்யாறு பக்கம் கிராமம். பசங்க நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கலாம்னு இருக்கோம், பதினஞ்சு நிமிஷம் வரும், பெரும்பாலும் பகல்தான், வயக்காடு, ஏரிக்கரை, ஒரு வீட்டுத் திண்ணை, அவ்ளோதான் லொக்கேஷன். இன்னொரு பக்கம், எங்க ஊர் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து வைப்பாங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சா விடியற வரைக்கும் ஓடும். எங்க ஜமா (கூத்துக் குழு) வாத்தியாருக்கு வயசாயிடுச்சு, அவர் கட்டுற வேஷம் எல்லாத்தையும் ஒரு தடவையாவது முழுசா பதிவு பண்ணி வச்சிரணும்னு ஆசை. அதுல அர்ச்சுனன் தபசு இருக்கு பாருங்க, தபசு மரத்து உச்சிக்கு ஏறிக்கிட்டே பாடுவாங்க, கீழ கூட்டம் நெரியும், கிட்ட போகவே முடியாது, தூரத்துல நின்னு ஸூம் பண்ணித்தான் ஆகணும்.

போன வருஷம் ஃபோன்ல எடுத்துப் பார்த்தோம். பாதியில சூடாகி நின்னுடுச்சு, ஸூம் பண்ண இடமெல்லாம் முகம் அப்பி வச்ச மாதிரி இருக்கு, முகவீணையும் (நாயனம் மாதிரி ஊதுற சின்னக் குழல்) தாளமும் சேர்ந்து ஏறுறப்போ சவுண்டு கரகரன்னு உடையுது.

கையில இருக்குறது 45 ஆயிரம், மைக்கும் இதுக்குள்ளயே. நான் பார்த்து வச்சது நாலு: (1) கடையில புதுசா சோனி சிஎக்ஸ்405, (2) ஓஎல்எக்ஸ்ல ஒருத்தர் சோனி ஏஎக்ஸ்53 விக்கிறாரு, 38 சொல்றாரு, பேசினா குறைப்பாரு போல, (3) தெரிஞ்ச ஸ்டுடியோக்காரர் தோள்ல வச்சு எடுப்பாங்களே அந்த பெரிய சோனி எம்சி2500, தர்றேங்கறாரு, (4) ஆன்லைன்ல "4கே 48 எம்பி 16எக்ஸ்"னு போட்டு 9 ஆயிரத்துக்கு ஒன்னு, பேரே கேள்விப்படாத கம்பெனி. இது போக அமெரிக்காவுல இருக்குற மாமா பையன் அடுத்த மாசம் ஊருக்கு வர்றான், அங்க பழசு சீப்பா கிடைக்கும் வாங்கிட்டு வரவாங்கறான். எதை எடுக்கட்டும்? எல்லாரும் டிஎஸ்எல்ஆர் வாங்குடாங்குறாங்க, அதுவும் குழப்பமா இருக்கு.

---

மொட்டமாடி டைரக்டர்:

ப்ரோ முதல்ல அந்த நாலாவதை லிஸ்ட்ல இருந்தே தூக்குங்க. 9 ஆயிரம் ரூபா "4கே" கேம்கோடர் எல்லாம் உள்ள வெப்கேம் மாதிரி ஒரு குட்டி லென்ஸ், ஃபோகஸே நகராது, அந்த 16எக்ஸ் முழுக்க டிஜிட்டல் ஸூம், அதாவது படத்தை வெட்டிப் பெருசாக்கிக் காட்டுது. 4கேவும் சின்னப் படத்தை இழுத்து விட்டதுதான். ஆப்டிகல் ஸூம் எவ்ளோன்னு பாக்ஸ்ல தேடுங்க, போட்டிருக்க மாட்டான்.

குறும்படத்துக்கு என் ஓட்டு ஃபோனுக்குத்தான், அடிக்க வராதீங்க. சிஎக்ஸ்405 சென்சார், அதாவது உள்ள படத்தைப் பிடிக்கிற சிப், அதோட சைஸ் 1/5.8 இன்ச். இன்னிக்கு இருபதாயிரம் ரூபா ஃபோனோட மெயின் கேமரா சென்சாரே அதை விடப் பல மடங்கு பெருசு. கேம்கோடர்னு பேர் இருந்தா படம் நல்லா வரும்னு அர்த்தம் இல்ல. 405ல 30எக்ஸ் ஸூம் இருக்கு, கையில பிடிச்சா ஆடாம வரும், ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு சூப்பர். ஆனா மைக் சொருக ஓட்டை கிடையாது, அங்கயே குறும்படத்துக்கு அவுட்.

ஃபோன்ல பிளாக்மேஜிக் கேமரா ஆப் ஃப்ரீயா கிடைக்குது, ஐஃபோனுக்கு 2023ல வந்துச்சு, ஆண்ட்ராய்டுக்கு 2024ல, எல்லா ஃபோன்லயும் ஓடாது. ஓடலன்னா ஓப்பன் கேமரா போட்டுக்கங்க. ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழுற நேரம்), வொயிட் பேலன்ஸ் (கலரைச் சரி பண்றது), ஃபோகஸ் மூணையும் பூட்டி வச்சு எடுத்தாலே பாதி "ஃபோன் வீடியோ" வாடை போயிடும். மிச்ச காசுக்கு மைக், ஒரு நல்ல ட்ரைபாட், வெளிச்சத்துக்கு ரெண்டு தெர்மாகோல் ஷீட்டு.

கூத்துக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியாது, நான் ராத்திரி ஒன்பதுக்கே தூங்கிடுவேன் :)

---

மதுரை ஸ்டுடியோ:

தம்பி, நம்ம தொழிலே கல்யாண வீடியோதான், பானசோனிக் எம்டி10000 கேமராவத் தோள்ல வச்சு டேப் ஓட்டின காலத்துல இருந்து இதுலதான் குப்பை கொட்டுறேன், அதனால சொல்றதை கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க.

மொட்டமாடி தம்பி குறும்படத்துக்கு சொன்னது சரி. ஆனா ஏழு மணி நேரம் நிக்காம ஓடணும், தூரத்துல மரத்து உச்சியில இருக்க ஆள் முகம் தெரியணும்னா ஃபோனும் ஆகாது டிஎஸ்எல்ஆரும் ஆகாது, அதுக்குன்னே செஞ்சதுதான் கேம்கோடர். பழைய டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் பெரும்பாலும் 29 நிமிஷம் 59 செகண்டுல தானா நின்னுரும், அரை மணி நேரத்துக்கு மேல ஓடுனா ஐரோப்பாவுல வீடியோ கேமரான்னு கணக்குல வச்சு கூடுதல் சுங்கவரி போட்டதால கம்பெனிக்காரங்களே பூட்டி விட்டாங்க. அபிமன்யு சக்கர வியூகத்துக்குள்ள போற நேரத்துல கேமரா நின்னுச்சுன்னா என்ன பண்ணுவீக.

இப்ப மூணாவதுக்கு வருவோம், அந்த எம்சி2500. பெரிய பாடி, தோள்ல வச்சா ஊரே திரும்பிப் பார்க்கும், கல்யாண வீட்டுல மரியாதையே தனி. ஆனா உள்ள இருக்கது 1/4 இன்ச் சென்சார் தம்பி. கையடக்கமா இருக்க ஏஎக்ஸ்53ல 1/2.5 இன்ச். கீழ் நம்பர் குறையக் குறைய சென்சார் பெருசுன்னு புரிஞ்சுக்கங்க. பாடியப் பார்த்து மயங்காதீங்க, முக்கால்வாசி பிளாஸ்டிக்கும் காத்தும்தான். அதுவும் போக 2500 எச்டியோட நின்னுரும், 53 4கே எடுக்கும். தோள்ல வச்சு எடுக்கற வசதி வேணும்னா மட்டும் யோசிக்கலாம், உங்களுக்கு ராத்திரி பூராம் ட்ரைபாட்லதான நிக்கப் போகுது.

அதனால என் கணக்குக்கு ஏஎக்ஸ்53தான். 2016ல வந்த மாடல், 20எக்ஸ் ஆப்டிகல், அகலத்துல 26.8 மில்லிமீட்டர், அதனால சின்னத் திண்ணையில கூட ஆள் அடங்கும். மைக் சொருகலாம், ஹெட்ஃபோன் சொருகலாம், சவுண்டு அளவை கையால வைக்கலாம். கையில பிடிச்சு நடந்தா கூட அதிர்வு கம்மியா இருக்கும், ஏன்னா இதுல லென்ஸும் சென்சாரும் ஒரே கட்டா மிதந்து ஆட்டத்தை வாங்கிக்கும். நீங்க பார்க்கப் போறப்போ ஆஃப்ல இருக்கையில முன்னாடி எட்டிப் பார்த்தா உள்ள கண்ணாடி லேசா ஆடுற மாதிரி தெரியும், பழுதுன்னு பயந்துறாதீங்க, அந்த மாடலே அப்படித்தான்.

அது அமையலன்னா கேனான் லெக்ரியா எச்எஃப் ஜி10, ஜி25 மாதிரி பழசு தேடுங்க. ஜி10 வந்தது 2011ல, 4கே கிடையாது, ஸூமும் 10எக்ஸ்தான், தபசு மரத்துக்குப் பத்தாது. ஆனா 1/3 இன்ச் சென்சார்ல புள்ளி (பிக்சல்) கம்மி, சரியா எச்டிக்கு வேண்டிய அளவுதான், அதனால இருட்டுல அந்த விலைக்கு நல்லாவே தாங்கும். ஃபோகஸுக்கு கையில திருகுற வளையம் இருக்கு, கார்டு ஸ்லாட் ரெண்டு இருக்கு, ஒன்னு நிறைஞ்சா அடுத்ததுக்குத் தானா தாவும். குறும்படம் மட்டும்தான்னா அதையே சொல்லிருப்பேன்.

பழசு வாங்குறவங்க பாக்க வேண்டியது: ஸ்க்ரீனை நல்லா திறந்து மூடி, முழுசா திருப்பி, மறுபடி மூடி, இப்படி நாலு தடவை பண்ணுங்க. அந்த மடங்குற இடத்துல உள்ள ஒரு ஃப்ளெக்ஸ் கேபிள் போகுது, ஹேண்டிகேம்ல முதல்ல சாகுறது அதுதான், கோடு விழுந்தாலோ ஒரு கோணத்துல மட்டும் கருத்துப் போனாலோ திரும்பிப் பாக்காம வந்துருங்க. அடுத்து ஃபோன் டார்ச்சை லென்ஸுக்குள்ள சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, சிலந்தி நூல் மாதிரி வெள்ளையா இருந்தா பூஞ்சை. மைக் ஜாக்குல மைக்க சொருகி லேசா ஆட்டுங்க, கேமராவத் தட்டுங்க, சவுண்டு விட்டு விட்டு வந்தா ஜாக் லூஸு. அப்புறம் லென்ஸை மூடி வச்சு ஒரு நிமிஷம் ரெக்கார்டு போட்டு பெரிய ஸ்க்ரீன்ல பாருங்க, ஒரே இடத்துல சிவப்பா வெள்ளையா புள்ளி நின்னா சென்சார்ல புள்ளி செத்திருக்கு. ஸூமை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு மெதுவா ஓட்டுங்க, நடுவுல ஃபோகஸ் விட்டுப் பிடிக்குதான்னு. 38 எல்லாம் குடுக்காதீங்க, இதுல எது சொத்தையோ அதைச் சொல்லியே குறைக்கலாம்.

---

ஜி7காரன்:

மதுரை அண்ணன் கிட்ட மரியாதையோட ஒரு மாற்றுக் கருத்து. குறும்படம்னா பின்னாடி மங்கலாகி ஆள் மட்டும் தனியா தெரியுற லுக் வேணும்ல, அது கேம்கோடர்ல வரவே வராது. பானசோனிக் ஜி7 பழசு தேடுங்க, 2015 மாடல், 4கே 25பி எடுக்கும், மைக் ஜாக் இருக்கு, ஸ்க்ரீன் முன்னாடி திரும்பும், சென்சார் ஏஎக்ஸ்53ஐ விட ரொம்பப் பெருசு. கூத்துக்கு எவனாவது ஸ்டுடியோக்காரனைக் கூப்பிடுங்க இல்லன்னா அந்த ராத்திரிக்கு மட்டும் கேம்கோடர் வாடகைக்கு எடுங்க. ரெண்டு வேலைக்கும் ஒரே கருவின்னு போனா ரெண்டுமே அரைகுறை.

---

மதுரை ஸ்டுடியோ:

@ஜி7காரன் வரவே வராதுன்னு சொல்லக் கூடாது தம்பி. ஆளை பின்னாடி இருக்க மரத்துல இருந்து நல்லா தள்ளி நிப்பாட்டு, கேமராவ பத்து பதினஞ்சு அடி பின்னாடி கொண்டு போ, ஸூம் பண்ணி முகத்தைக் கட்டு, பின்புலம் தானா கரையும். வயக்காட்டுல இடத்துக்கா பஞ்சம்? சின்ன ரூமுக்குள்ளதான் இது நடக்காது, ஒத்துக்கறேன். அதோட ஜி7 கிட் லென்ஸுல ஸூம் பண்ணா அப்பர்ச்சர், அதான் வெளிச்சம் உள்ள வர்ற ஓட்டை, 5.6க்குச் சுருங்கிப் போயிரும், நீ நெனைக்கற மங்கலுக்கு தனியா ஒரு 25 எம்எம் 1.7 லென்ஸ் வாங்கணும், பாடியிலயும் ஆட்டம் நிறுத்துற வசதி இல்ல. அந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லணும்ல.

வாடகை யோசனை நல்ல யோசனைதான். ஆனா பாரதம் ஒரு ராத்திரியோட முடியற சமாச்சாரம் இல்லையே, தம்பி ஊர்ல எத்தனை நாள் வைப்பாகளோ.

---

செய்யாத்துக்கரை:

ரொம்ப நன்றி எல்லாருக்கும், இவ்ளோ விவரமா சொல்வீங்கன்னு நினைக்கல. பாரதம் இருபது நாளுக்குப் பக்கமா ஓடும்ணா, சாயங்காலம் வரைக்கும் பிரசங்கம், கடைசிப் பத்து ராத்திரி கூத்து, முடிவுல படுகளம், தீமிதி. அதனால வாடகை கட்டுப்படி ஆகாது.

இன்னும் ரெண்டு மூணு கேள்வி. மாமா பையன் கிட்ட அமெரிக்காவுல இருந்து ஏஎக்ஸ்53 வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா? 25பி, 50பி, 50ஐன்னு என்னென்னமோ போட்டிருக்கே, எதுல எடுக்கணும்? 4கேல எடுத்தா என் லேப்டாப் தாங்குமா, ஐ3, 8 ஜிபி ராம்? அப்புறம் சவுண்டு பத்தி யாராச்சும் சொல்லுங்களேன்.

---

மொட்டமாடி டைரக்டர்:

அமெரிக்கா வேணாம் ப்ரோ, இதை நான் சொல்லிக்கறேன். அங்க கரண்டு 60 ஹெர்ட்ஸ், இங்க 50. அங்க விக்கிற ஹேண்டிகேம் 60ஐ, 60பி, 30பின்னு எடுக்கும், மெனுவுல 50க்கு மாத்த முடியாது. நம்ம ஊர் ட்யூப் லைட்டு, சீப்பான எல்இடி எல்லாம் செகண்டுக்கு 100 தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, 60 கணக்குல ஓடுற கேமராவுக்குத் தெரியும், ஸ்க்ரீன்ல வெளிச்சம் அலை அலையா ஓடும். ஷட்டரை 1/100 வச்சா தப்பிக்கலாம், ஆனா அப்ப வர்ற வெளிச்சத்துல பாதி போச்சு, ராத்திரி கூத்துல அது பெரிய இழப்பு. கேனான்ல ஈஸியா கண்டுபிடிக்கலாம், லெக்ரியான்னு பேர் இருந்தா நம்ம பக்கத்து 50 ஹெர்ட்ஸ் மாடல், விக்ஸியான்னா அமெரிக்கா. சோனியில மெனுவைத் திறந்து 50பியா 60பியான்னு பாருங்க. இதை ஓஎல்எக்ஸ்காரர்கிட்டயும் மறக்காம பாருங்க, சென்னையில கிரே மார்க்கெட்ல வாங்கி வந்தது நிறைய சுத்துது.

குறும்படத்துக்கு 25பி, அதாவது செகண்டுக்கு 25 முழுப் படம், ஷட்டர் 1/50, அதுலயே பூட்டிடுங்க. பகல் வெயில்ல 1/50 வச்சா வெளிச்சம் கொட்டும், கேமரா அப்பர்ச்சரை ரொம்ப இறுக்கி மூடும், படம் மொழுக்குன்னு ஆகிடும், அதனால கறுப்புக் கண்ணாடி, அதான் என்டி ஃபில்டர், 55 எம்எம் சைஸ் ஒன்னு வாங்கிக்கங்க, 53க்கு அதுதான் அளவு. திருகுனா கருமை கூடிக் குறையுற டைப் வசதி, ஆனா அகலமா வச்சு முழுசா இருட்டாக்கினா நடுவுல எக்ஸ் மாதிரி நிழல் விழும், கொஞ்சம் முன்னாடியே நிறுத்திக்கங்க. என்டி இல்லன்னா சாயங்கால வெயில்ல எடுங்க, அது இன்னும் அழகு, காசும் மிச்சம்.

50ஐ மாதிரி ஐயில முடியுறதை குறும்படத்துக்குத் தொடவே தொடாதீங்க, அது ஒவ்வொரு படத்தையும் ஒன்னு விட்டு ஒன்னு கோடா பாதி பாதியா எடுக்கும், ஆள் வேகமா நகர்ந்தா ஓரமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கிழிஞ்சு தெரியும். பழைய கேனான் எடுத்தீங்கன்னா மெனுவுல பிஎஃப்25ன்னு இருக்கும், அதான் உங்களுக்கு வேண்டியது.

ஐ3ல 4கே நேரடியா எடிட் பண்றது ரொம்பக் கஷ்டம், டைம்லைன் நகர்றதே பெரும்பாடு. டாவின்சி ரிசால்வ் ஃப்ரீயில ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் சின்ன சைஸ் நகல்) போட்டுக்கலாம், அதுவும் 8 ஜிபில திணறும். பேசாம எச்டி 50 எம்பிபிஎஸ்ல (செகண்டுக்கு 50 மெகாபிட்) எடுங்க. யூடியூப்ல ஃபோன்ல பாக்கப் போறவனுக்கு வித்தியாசம் தெரியாது, கதை நல்லா இருந்தா எவனும் பிக்சல் எண்ணப் போறதில்ல.

---

ஒலிப்பெட்டி:

சவுண்டுன்னு ஒரு வார்த்தை வந்ததும் எழுதிடலாம்னு வந்தேன். இவ்ளோ பேர் சென்சார் சைஸ் பேசினீங்க, படம் சுமாரா இருந்தா பாக்குறவன் பொறுத்துப்பான், வசனம் கேக்கலன்னா அடுத்த வீடியோவுக்குப் போயிடுவான்.

கேமராவுல இருக்குற மைக் சவுண்டைத் தானா ஏத்தி இறக்கும். யாரும் பேசாத நேரத்துல அளவைத் தூக்கிடும், உஸ்ஸுன்னு காத்து, பூச்சி, ஜெனரேட்டர் எல்லாம் முன்னாடி வந்து நிக்கும். திடீர்னு மிருதங்கம் அடிச்சா படக்குன்னு இறக்கும், அடுத்து வர்ற பாட்டு முழுங்கிப் போகும். உங்க ஃபோன்ல கரகரன்னதும் பாதி இதனாலதான் இருக்கும். அதனால கேமராவுல ஆட்டோவை அணைச்சுட்டு, இருக்குறதுலயே பலமான பாட்டு வர்றப்போ மீட்டர் முக்கால்வாசியைத் தாண்டாத மாதிரி கையால வைங்க. திரௌபதி சபதம் வர்ற இடம், சண்டைக் காட்சி, இதெல்லாம் சாதாரண பேச்சை விட எவ்ளோ ஏறும்னு உங்களுக்குத்தான் தெரியும், அதுக்கு இடம் விட்டு வைங்க.

கூத்துக்கு நான் பண்ணுவது தனி ரெக்கார்டர். ஸூம்ங்குற கம்பெனியோட எச்1என் பழசு கிடைச்சாலும் போதும். எச்1எசென்ஷியல்னு 2024ல வந்தது 32 பிட் ஃப்ளோட், அதுல அளவு வைக்கவே வேண்டாம், எவ்ளோ கத்தினாலும் பின்னாடி இறக்கிக்கலாம், ஆனா மைக்குக்கு முன்னாடியே ஊதினா அதுவும் தாங்காது. எங்க வைக்கிறதுங்குறதுதான் விஷயம். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை உக்காரும் பெஞ்சுக்குக் கிட்ட வச்சா பக்கவாத்தியம் மட்டும் வரும், கூத்தாடி வசனம் பின்னாடி போயிடும். இப்பல்லாம் களரிக்கு (கூத்து ஆடுற இடம்) மேல குறுக்கால கயிறு கட்டி மைக்கைத் தொங்க விடுறாங்க இல்ல, சவுண்டு சர்வீஸ்காரர்கிட்ட பணிவா கேட்டு அவர் மிக்ஸர்ல இருந்து ஒரு லைன் வாங்கிக்கங்க, அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க. அது ஒரு ட்ராக், கூட்டத்தோட சேர்ந்து கேமரா மைக்ல வர்றது இன்னொரு ட்ராக், ரெண்டையும் கலந்தா அந்த ராத்திரி அப்படியே இருக்கும். ஹாரன் ஸ்பீக்கர் வாய்க்கு எதிர்ல மட்டும் கேமராவை நிறுத்தாதீங்க.

தனியா ரெக்கார்டு பண்ணா மணிக்கணக்குல ஓடுறப்போ ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமா விலகும், ஏன்னா ரெண்டு கருவியோட கடிகாரமும் ஒரே மாதிரி ஓடாது. ஒவ்வொரு தடவை புது வேஷம் திரையில வர்றப்பவும் அந்த இடத்துல வெட்டி மறுபடி பொருத்திக்கங்க, யாருக்கும் தெரியாது.

குறும்படத்துக்கு போயா பிஒய்-எம்1 சட்டையில குத்துற மைக், ஆறு மீட்டர் ஒயரோட வரும், விலையும் கம்மி. அதோட பேட்டரி டப்பாவுல ஒரு ஸ்விட்ச் இருக்கும், ஃபோனா கேமராவான்னு, அதை கேமரா பக்கம் தள்ள மறந்துட்டு சவுண்டே வரலன்னு கத்துற ஆளுங்க நிறைய. ஹெட்ஃபோன் மாட்டாம ஒரு ஷாட்டும் எடுக்காதீங்க. ஏரிக்கரையில காத்து அடிக்கும், மைக் மேல உரோமத் தொப்பி கட்டாயம்.

---

மதுரை ஸ்டுடியோ:

ஒலிப்பெட்டி தம்பி சொன்னதுல திரையில வர்றதுன்னு ஒரு வார்த்தை வந்துச்சுல்ல, அதை வச்சு நான் ஒன்னு சொல்லணும், கூத்து எடுத்தவனுக்குத்தான் தெரியும். புது வேஷம் வர்றப்போ ரெண்டு பேர் திரை பிடிப்பாக, ஆள் பின்னாடி நின்னு பாடிக்கிட்டே முதுகு காட்டி, கிரீடம் காட்டி, அப்புறம்தான் திரைய விலக்குவாக. ஆட்டோ ஃபோகஸ்ல இருந்துச்சுன்னா கேமரா அந்தத் துணியப் பிடிச்சுட்டு நிக்கும், திரை விலகுன உடனே முகத்தைத் தேடி முன்ன பின்ன அலையும், அந்தப் பிரவேசம் முழுக்க மங்கலாப் போயிரும். அதனால திரைக்குப் பின்னாடி ஆள் நிக்கிற இடத்துக்கு முன்கூட்டியே கையால ஃபோகஸ் வச்சுட்டு அப்படியே பூட்டிருங்க. இன்னொன்னு, கிரீடத்துலயும் புஜக்கட்டையிலயும் கண்ணாடித் துண்டு பதிச்சிருப்பாக, லைட்டு பட்டு மின்னுறப்போ கேமரா ஐயோ வெளிச்சம் ஜாஸ்தின்னு தானா இருட்டாக்கும், அரிதாரம் பூசின முகம் கறுத்துப் போகும். எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) முகத்துக்கு வச்சுப் பூட்டுங்க, கிரீடம் கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்ல. வொயிட் பேலன்ஸும் அதே மாதிரிதான், கலர் எல்இடி மாறி மாறி அடிக்கையில ஆட்டோல விட்டா ஒரே ஆளு ஒரு நிமிஷம் நீலமா இருப்பாரு, அடுத்த நிமிஷம் பச்சையா இருப்பாரு.

ராத்திரியில ஸூமைக் குறைங்க. ஏஎக்ஸ்53 லென்ஸ் அகலத்துல எஃப்2, முழு ஸூம்ல எஃப்3.8, அதாவது உள்ள வர்ற வெளிச்சம் நாலுல ஒரு பங்குக்குப் பக்கமா இறங்கிரும், புள்ளி புள்ளியாத் தெரியும். களரிக்குப் பக்கத்துலயே ட்ரைபாட் போட்டு அகலமா எடுங்க, பின்னாடி உக்காந்திருக்க பெரியவகளுக்கு மறைக்காம ஓரமா. இழுத்து எடுக்கறதெல்லாம் தபசு மரத்துக்கு வச்சுக்கங்க, அது பகல் வெளிச்சத்துல நடந்தா இன்னும் நல்லது.

---

ஜி7காரன்:

சரி சரி, கூத்துக்கு கேம்கோடர்தான், ஒத்துக்கறேன், இவ்ளோ நேரம் இதைப் பத்தி எனக்கு ஒன்னும் தெரியாது. குறும்படத்துக்கு மட்டும் என் கட்சி மாறல.

ஒரு விஷயம் உருப்படியா சொல்லிட்டுப் போறேன். கேமராவுல ஏவிசிஎச்டிங்குற பழைய ஃபார்மேட்ல எடுத்தீங்கன்னா ஒரே நீள ரெக்கார்டிங்கை கார்டுல 2 ஜிபி துண்டு துண்டா வெட்டி எழுதும். அந்தத் துண்டுகளை, அதான் எம்டிஎஸ் ஃபைலை மட்டும் தனித்தனியா இழுத்துக் காப்பி பண்ணி டைம்லைன்ல வரிசையா போட்டா, துண்டு சேருற இடத்துல சவுண்டு ஒரு நொடி விக்கும். கார்டுல இருக்குற ப்ரைவேட்ங்குற ஃபோல்டரை முழுசா அப்படியே காப்பி பண்ணி, கேமராவோட வந்த சாஃப்ட்வேர்ல சேர்த்துக்கணும். 53ல எக்ஸ்ஏவிசி எஸ்ங்குற புது ஃபார்மேட்ல எடுத்தா இந்தத் தொல்லை இல்ல. 50 எம்பிபிஎஸ்னா மணிக்கு 22.5 ஜிபி ஆகும், ஏழு மணி நேரத்துக்கு 160 ஜிபிக்குப் பக்கம், அதனால 256 ஜிபி கார்டு ஒன்னு. மறுநாள் ராத்திரிக்குள்ள காலி பண்ணணும், பத்து ராத்திரிக்கு ஒன்றரை டிபிக்கு மேல வரும், ஒரு ஹார்டு டிஸ்க்கும் பட்ஜெட்ல போடுங்க. இதை யாருமே சொல்லல பாருங்க.

---

செய்யாத்துக்கரை:

ஹார்டு டிஸ்க் நான் யோசிக்கவே இல்ல, நன்றி ப்ரோ. நேத்து ஆரணி போய் அந்த ஏஎக்ஸ்53 பார்த்துட்டேன். மெனுவுல 50பிதான் காட்டுது, டார்ச் அடிச்சுப் பார்த்தேன், லென்ஸ் சுத்தமா இருக்கு, மதுரை அண்ணன் சொன்ன மாதிரி உள்ள லேசா ஆடுது, நல்லவேளை முன்னாடியே சொன்னீங்க. ஸ்க்ரீன் ஓகே. பேட்டரிதான் சொத்தை, அரை மணி நேரம் கூட நிக்கல. அதைச் சொல்லி 31க்குப் பேசி முடிச்சாச்சு, ஞாயித்துக்கிழமை காசு குடுத்து வாங்கிக்கறேன். மிச்சம் 14ல ட்ரைபாட், பழைய எச்1என், போயா மைக், கார்டு. ஹார்டு டிஸ்க்குக்கு மட்டும் ஊர்ல வசூல் பண்ணணும், கோயில் கமிட்டிகிட்ட கேட்டுப் பார்க்குறேன். வாத்தியார்கிட்ட பேசிட்டேன், எடுத்துக்கோடா, ஆனா யூடியூப்ல போடுறதுக்கு முன்னாடி ஜமா ஆளுங்க எல்லாரையும் கேட்டுடுன்னாரு.

கடைசியா ஒரு கேள்வி, ராத்திரி முழுக்க கரண்டுல போட்டு ஓட்டலாமா இல்ல பேட்டரிதானா?

---

மதுரை ஸ்டுடியோ:

31க்கு நல்ல பேரம் தம்பி. கரண்டுல ஓட்டலாம், ஆனா திருவிழா ஜெனரேட்டர்ல நேரா சொருகாதீங்க, சீரியல் லைட்டு ஆஃப் ஆன் ஆகுறப்போ வோல்டேஜ் எகிறும், ஜெனரேட்டர் நின்னா ஓடிட்டு இருக்க ரெக்கார்டிங்கும் அந்து போகும். கோயில் இணைப்புல இருந்து ஒரு ஸ்டெபிலைசரோ சின்ன யுபிஎஸ்ஸோ போட்டு எடுங்க, கேமராவுல பேட்டரியும் மாட்டியே இருக்கட்டும். பேட்டரி புதுசா என்பி-எஃப்வி70 சைஸ்ல வாங்குங்க, எஃப்வி50 சின்னது, சீக்கிரம் தீந்துரும். ஒயரை தரையோட டேப் போட்டு ஒட்டுங்க, ரெண்டு மணிக்கு மேல தூக்கக் கலக்கத்துல எவனாவது காலை விட்டு இழுத்துருவான்.

---

மொட்டமாடி டைரக்டர்:

256 ஜிபி கார்டு வாங்குனதும் எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, லேப்டாப்ல போட்டு கார்டு முழுக்க ஒரு தடவை எழுதிப் படிச்சுப் பாருங்க ப்ரோ. வெளிய 256ன்னு ஒட்டி உள்ள 32 மட்டும் இருக்குற டூப்ளிகேட் நிறைய வருது, கேமரா எதுவுமே சொல்லாம ரெக்கார்டு ஆகுதுன்னு காட்டிக்கிட்டே இருக்கும், மறுநாள் திறந்தா முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு அப்புறம் ஒன்னுமே இருக்காது. டெஸ்ட் முடிய நேரம் எடுக்கும், ராத்திரி போட்டுட்டுத் தூங்குங்க. குறும்படம் முடிஞ்சதும் லிங்க்கை இங்க போடுங்க.